பாளையங்கோட்டையில் ஒரு பழைய தவறணை

இடிக்கப்போகிற கட்டடத்தை அளந்து வரைவதற்காக யாராவது கடல் தாண்டிப் போவார்களா என்று யாழ்ப்பாணத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். கூப்பிட்டது எஸ்தர். அதனால் போனேன்.

சண்டைக் காலத்தில் என் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று வீட்டார் என்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். பெண்கள் விடுதியில் பக்கத்துக் கட்டில் எஸ்தருடையது. நான் கட்டடப் பொறியியல் படித்தேன், அவள் கணக்கு படித்தாள். இப்போது அதே ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. தொலைபேசியில் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அப்பாவோட பழைய கடைக் கட்டடத்த அண்ணன் இடிக்கப் போறாவ, வதனி. சுவரு வெடிச்சிட்டு. நான் சொன்னா கேக்க மாட்டாவ. இடிக்கதுக்கு முந்தி அத ஒரு படமாவாச்சும் வரஞ்சு குடுத்துட்டுப் போ."

வரைவது எனக்குப் பழகிய வேலை. போர் முடிந்த பிறகு பல வருடம் உடைந்த வீடுகளைத்தான் அளந்துகொண்டிருந்தேன். கூரை போன வீடு, கூரை மட்டும் மிஞ்சிய வீடு, கூடத்தின் நடுவில் பீரங்கிச் செல் விழுந்து குழியான வீடு. நாடா பிடித்து அளக்கும்போது வீட்டுக்காரர் பின்னாலேயே வருவார். கடைசியில், "பிள்ளை, இதைத் திருத்தி இருக்கலாமோ?" என்று கேட்பார். முடியாது என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த முகத்தைப் பார்க்காமலிருக்க நாடாவைச் சுருட்டத் தொடங்கிவிடுவேன்.

போய்ச் சேர்ந்த அன்று மதியம் எஸ்தர் சொதி வைத்திருந்தாள். எங்கள் வீடுகளில் சொதி என்பது இடியப்பத்தை நனைப்பதற்காக வரும் மெல்லிய தேங்காய்ப்பால். அதற்கென்று யாரும் இலை போடமாட்டார்கள். திருநெல்வேலியில் அது கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்திகளை உட்கார வைத்துப் பரிமாறும் விருந்து. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் பாலில் மிதக்க, சோற்றில் குளம் கட்டி ஊற்றினாள். பக்கத்தில் இஞ்சித் துவையல். பெயர் ஒன்றுதான், ஆனால் எங்களுடையதை இதற்குத் தங்கச்சி என்றுகூடச் சொல்ல முடியாது. வேலைக்காரி என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"பயணக் களைப்பில ஒண்டும் இறங்காது எண்டு நினைச்சன்" என்றேன்.

"உன் பேச்சு மட்டும் மாறவே இல்லட்டி" என்று சிரித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் கட்டடத்தைப் பார்க்கப் போனோம்.

கோட்டையின் மிச்சங்கள் போலீஸ் நிலையமாகவும் அலுவலகமாகவும் நிற்கிற பகுதியைத் தாண்டி, கடைத்தெரு சட்டென்று திரும்பும் முனையில் அது நின்றது. ஒரு பக்கம் கைப்பேசிக் கடை, மறுபக்கம் கண்ணாடி முகப்பு வைத்த துணிக்கடை. இரண்டுக்கும் நடுவே குள்ளமாக, அகலமாக, மஞ்சள் சுண்ணாம்பு உரிந்து, பஸ்ஸில் இரண்டு பேருக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த பெரியம்மா மாதிரி இருந்தது. தலையில் மட்டும் பொருந்தாத, கான்கிரீட் கூரை போட்ட ஒரு செங்கல் அறை. அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.

முதலில் என் கண்ணில் பட்டது முனைச்சுவர். அது கூராக மடங்கவில்லை. பானையின் விலாவைப்போல் வளைந்து திரும்பியது. மாட்டுவண்டிகளும் பீரங்கி வண்டிகளும் திரும்பிய காலத்தில், அச்சாணி உரசாமலிருக்க யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். செங்கல்லை வளைவுக்கு ஏற்பச் செதுக்கி வைத்தால்தான் அப்படி வரும். வளைவைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். ஒரு இடத்தில்கூட விரல் தட்டவில்லை.

வாசலுக்கு மேலே அரைவட்ட வளைவு. அதைச் சுற்றிக் காரையில் ஒரு திராட்சைக் கொடி, இலையும் குலையுமாக. பல தடவை வெள்ளையடித்து இலைகள் மொத்தையாகியிருந்தாலும், ஒரு குலையில் கனிகளைத் தனித்தனியாக எண்ணலாம்.

"அப்பா இத வேதத்துல வர திராட்சச் செடின்னு எல்லார்ட்டயும் சொல்லுவாவ" என்றாள் எஸ்தர். "நாங்களும் நம்பிட்டு இருந்தோம்."

எதிரே டீக்கடை வைத்திருக்கும் சண்முகம் அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டார். கிளாஸைக் கழுவிக்கொண்டே, "டீச்சர், எங்க தாத்தா காலத்துலயே இதுக்குப் பட்டாளத்துச் சாராயக்கடன்னுதான் பேரு. ஒங்கப்பா நல்ல மனுசன், அவ்வொ மூஞ்சிக்கு நேரா யாரு சொல்லுவா?" என்றார்.

எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள். குடியின் வாடையே ஆகாத குடும்பம். அப்பா இந்தக் கட்டடத்தை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் விற்கும் கடையாக்கியிருந்தார். அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்பதை வீட்டில் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. விடுதியில் நான்கு வருடம் பக்கத்தில் படுத்திருந்த என்னிடமும் அவள் சொன்னதில்லை.

"எங்கட ஊரில இதுக்குத் தவறணை எண்டு சொல்லுவினம்" என்றேன். போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ விட்டுப்போன சொல். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் தவறணைக்குப் போய்ப் பனங்கள்ளு குடிப்பது சட்டத்துக்கு உட்பட்ட காரியம்.

"தவறண" என்று அண்ணாச்சி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. தவறிப்போறவன் போற எடம்!"

மறுநாள் காலையிலேயே அளக்கத் தொடங்கினோம். கதவைத் திறந்ததும் வெளியே கொதித்த வெயில் பின்னால் நின்றுவிட்டது. உள்ளே ஆலமரத்தடிக் குளிர்ச்சி. ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர், உயரமான கூரை. அது மட்டும் காரணமில்லை என்று பிறகு தெரிந்தது. பின்முற்றத்தில், தரையோடு தரையாக, செங்கல்லைப் பூவாக அடுக்கிய ஒரு துவாரம். அதிலிருந்து தரைக்கு அடியில் ஒரு காற்றுப்பாதை போய் ஒரு சின்ன நிலவறையில் திறக்கிறது. பீப்பாய்கள் அங்கேதான் இருந்திருக்கும். நிலவறையில் குளிர்ந்த காற்று, மேலே கூடத்துத் தரையிலிருந்த இன்னொரு துவாரம் வழியாக ஏறிவந்து குடிக்கிறவர்களின் காலைத் தொட்டிருக்கிறது. எந்த ஊரிலிருந்தோ வந்து இந்த வெயிலில் வெந்த சிப்பாய்க்கு, சாராயத்தைவிட இந்தக் காற்றுதான் பெரிய சுகமாக இருந்திருக்கும் என்று பட்டது. அரசாங்க மதுக்கடைகளின் முன்னால் இன்று கம்பி வேலிக்குள் நெருக்கியடித்து நிற்கும் ஆட்களை முதல்நாள் வழியில் பார்த்திருந்தேன். குடிகாரனுக்கு இவ்வளவு மரியாதை செய்த கட்டடத்தை அதற்குப் பிறகு யாரும் கட்டியதாகத் தெரியவில்லை.

தரை கருங்கல் பாளம். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு மூலையை நோக்கிச் சாய்த்திருந்தார்கள். எஸ்தர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அது யாரோ கூப்பிட்டதுபோல் ஒரே ஓட்டமாக மூலைக்குப் போய் வாய்க்காலில் இறங்கியது. கொட்டியதையும் கக்கியதையும் ஒரு வாளியில் கழுவிவிடலாம்.

தெருப்பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் என்னைக் குழப்பியது. தரையில் நிற்கிறவனுக்கு எட்டாத உயரம். வெளிச்சத்துக்கு வைத்ததென்றால் அவ்வளவு அகலமான கல் அடிப்பலகை எதற்கு? உள்ளே அதற்கு நேர்கீழே ஒரு மேடை. நான் மேடையில் ஏறி நின்று வெளியே எட்டிப் பார்த்தேன். டீக்கடை அண்ணாச்சி கீழே தெருவிலிருந்து கையாட்டினார்.

"குதிர மேல வாரவனுக்கு!" என்று கத்தினார். "எறங்காமலே வாங்கிக் குடிச்சிட்டுப் போவானாம்."

ஊகம்தான். ஆனால் அந்த உயரத்துக்கு வேறு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை. கல் பலகையின் வெளிவிளிம்பு, அகப்பையின் விளிம்புபோல் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

அந்த ஜன்னலின் கீழ்முனையிலிருந்துதான் வெடிப்பு தொடங்கியது. தரைவரை சாய்வாக இறங்கியது. என் விரல் உள்ளே போனது. ஊர்க் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்து, சுவர் அழுகிவிட்டது, தெருவில் போகிற யார் தலையிலாவது விழும், மொத்தமாக இடித்தால்தான் உண்டு என்று சொல்லியிருந்தார்.

சுவரின் மேல் பிற்காலத்தில் பூசிய சிமெண்டைக் கொஞ்சம் தட்டி எடுத்தேன். உள்ளே பழைய சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்தது. உடன்குடிக் கருப்பட்டியாக இருக்கலாம். நகத்தால் கீறினேன், நகம்தான் தேய்ந்தது. அழுகிய சுவர் இப்படி இருக்காது. பிறகு ஏணி வைத்துக் கூரையைப் பார்த்தேன். வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாகச் சாய்கோட்டில் அடுக்கிப் போட்ட மட்டப்பாத் தளம். சட்டங்கள் சுவருக்குள் போகும் இடத்தில் துரப்பண ஊசியால் குத்தினேன். எங்கேயும் இறங்கவில்லை. எங்கள் ஊரில் செல் விழுந்து சுவர் போன பிறகும் பனஞ்சட்டம் மட்டும் அந்தரத்தில் நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த மரத்தின் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

ஆனால் சட்டங்கள் நடுவில் தொட்டில்போல் தாழ்ந்திருந்தன. மொட்டை மாடிக்கு ஏறினேன். ஏறியதும் விஷயம் விளங்கிவிட்டது. மேலே இருக்கும் கான்கிரீட் அறையின் ஒரு சுவர், கீழ்ச்சுவரின் மேல் நிற்கவில்லை. கூடத்தின் நடுவே, வெறும் சட்டங்களின் மேல் நின்றது. அதன் பாரமும் தண்ணீர்த் தொட்டியின் பாரமும் சேர்ந்து சட்டங்களை அழுத்த, சட்டங்கள் தெருச்சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

இறங்கி வந்து எஸ்தரிடம் சொன்னேன். "தவறணைக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை. மேல இருக்கிற அறையை எடுத்தால் போதும். பிறகு வெடிப்பைச் சுண்ணாம்பால தைச்சுவிடலாம். இது இன்னும் கன காலம் நிக்கும்."

என் தொழிலில் இப்படிச் சொல்லக் கிடைப்பது அபூர்வம். எஸ்தர் துள்ளுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கியது.

"அது மைனி ரூமு, வதனி."

மைனி என்றால் அண்ணன் மனைவி. ரெபேக்கா. கீழே அண்ணன் ஜெபராஜ் நோட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள, மேலே ரெபேக்கா பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாராம். அவர் கேட்டார் என்று அண்ணன் ஆசையாகக் கட்டிய அறை. நோய் வந்து ரெபேக்கா போன பிறகு அண்ணன் அறையைப் பூட்டினார், கடையையும் பூட்டினார், ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"காம்ப்ளெக்ஸ் கட்டத்தான் இடிக்காவன்னு ஊருல பேசுதாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். ஏணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே வைத்தோம்.

அடுத்த நாள் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினோம். செய்துங்கநல்லூர் தாண்டியதும் வண்டி இருமி இருமி, ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "எறங்குங்க எல்லாரும். இது இனி நம்ம சொன்னா கேக்காது" என்றார். எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா அசையவில்லை. "டிக்கெட்டு எடுத்தாச்சுல்லா, ஓடும்போது ஓடட்டும்" என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பாளையங்கோட்டைச் சந்தையில் காய் இறக்கிவிட்டு ஏரலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வாழைக்காய் வண்டி எங்களை ஏற்றிக்கொண்டது. டிரைவருக்கு அருகில் இருவரும் நெருங்கி உட்கார்ந்தோம். பின்னால் வாழைச்சருகு படபடத்தது. நான் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "அங்கன பன உண்டுமா?"

"பனைதான் உண்டு."

"கள்ளு எறக்க விடுதாங்களா?"

விடுகிறார்கள், அதற்கென்று தவறணையே இருக்கிறது என்றேன். அவர் வண்டியை ஓட்டியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொடுத்து வச்சவிய" என்றார். அணைக்கட்டுப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஆறு முழு அகலத்துக்கும் விரிந்து, அணையின் மேல் மெல்லிய துணிபோல் வழிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறே கிடையாது. கிணற்றை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். அவ்வளவு தண்ணீர் யாரையும் கேட்காமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஜெபராஜ் அண்ணை தோட்டத்து வீட்டு வாசலில் நின்றார். ஒடிசலான மனிதர். என்னை விடுதிப் பெண்ணாக அவருக்கு நினைவிருந்தது. "சிலோன் பிள்ள" என்றார். முதலில் சாப்பிடச் சொன்னார். அவரே சமைத்த உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். உளுந்து தோலோடு குழைந்து, பூண்டு வாசத்தோடு, தொண்டையில் இதமாக இறங்கியது. சாப்பாட்டின்போது கட்டடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வாழைக்குக் காற்று வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றிச் சொன்னார்.

கை கழுவிய பிறகு நான் கண்டதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"அப்ப, கீழ உள்ளது நிக்கும்."

"நிக்கும் அண்ணை. மேல இருக்கிறதைக் கழட்டினால்."

"எனக்குத் தெரியும்மா" என்றார். "சுவரு வெடிச்ச அன்னைக்கே தெரியும். அவ ரூமு பாரந்தான்னு ஒரு கொத்தனாரு அப்பமே சொன்னாரு. நான் வேற ஆளக் கூட்டிட்டு வந்து மொத்தமா இடிக்கணும்னு சொல்ல வச்சேன்."

எஸ்தர் நிமிர்ந்தாள். "ஏண்ணே?"

"எல்லாம் ஒண்ணா போனா, சரி, காலம் போச்சு, கட்டடமும் போச்சுன்னு இருந்துருவேன். அவ ரூம மட்டும் எப்படிட்டி இடிக்க? சாராயக்கட நிக்கும், அவ இருந்த எடம் நிக்காது. அத நான் எப்படித் தாங்க?"

உடைந்த வீட்டின் முன் நின்ற எத்தனையோ பேருக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீட்டை உடைத்தது எங்கிருந்தோ வந்த செல். இவர் தன் கையால் உடைக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன்.

"அண்ணை, நான் கீழ உள்ளதை மட்டும்தான் அளந்தனான். மேல் அறை பூட்டியிருந்தது. நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும், அதையும் அளந்து படமாக் கீறித் தாறன். திறந்து விடுவீங்களோ?"

நாங்கள் திரும்பும்போது அவர் ஒரு சீப்பு கதலிப்பழத்தை எஸ்தரின் கையில் வைத்தார். அந்தி பஸ்ஸில் நாங்கள் அதை உரித்து உரித்துத் தின்றுகொண்டு வந்தோம். இருவருக்கும் பசியில்லை.

மறுநாள் காலையில் டீக்கடை அண்ணாச்சி எஸ்தருக்குப் போன் செய்தார். "டீச்சர், ஒங்க அண்ணன் வந்து மேல ஏறிப் போயிருக்காரு. ரொம்ப நேரமாச்சு. ஒரு சத்தத்தையும் காங்கல."

ஓடினோம். மேல் அறைக் கதவு திறந்திருந்தது. அண்ணை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரையைப் பெருக்கிவிட்டிருந்தார். தூசித் துணியை எடுத்த தையல் மிஷின் சுவரோரம் நின்றது. மாணவிகள் உட்காரும் நீள பெஞ்ச். சுவரில் துணிகள் மாட்டும் கொக்கிகள், பெண்பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாக. சாதாரண அறைதான். பொறியியலாளராகப் பார்த்தால் குறைகள் நிறைய. ஆனால் ஜன்னல் மிகச் சரியான இடத்தில் இருந்தது. வடக்கு வெளிச்சம் மிஷின் ஊசியின் மேல் நிழல் விழாமல் விழுந்தது. தைக்கிற ஒருத்தி சொல்லி வைத்த ஜன்னல்.

"அளம்மா" என்றார்.

எஸ்தர் நாடாவின் நுனியைப் பிடிக்க வந்தாள். "நீ எழுது, நான் பிடிக்கேன்" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

எத்தனையோ வீடுகளை அளந்திருக்கிறேன். இவ்வளவு மெதுவாக எதையும் அளந்ததில்லை. நாடாவின் நுனியை ஒவ்வோர் இடத்தில் வைக்கும்போதும் அவர் எதையாவது சொன்னார். இங்கனதான் மிஷின் முதல்ல இருந்துச்சு, வெளிச்சம் காணலன்னு அவளே இழுத்து நவுத்தினா. இந்த நெலைல தல இடிச்சிக்கிடுவா, தெனமும் இடிச்சிக்கிடுவா, தெனமும் என்னத்தான் ஏசுவா. இந்த மூலைல பிள்ளைகளு கத்திரிக்கோலுக்குச் சண்ட போடும். எஸ்தர் அளவுகளை எழுதிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஒரு தடவை அவர் சிரித்தேவிட்டார். மழைக்காலத்தில் மேல்தளம் ஒழுகி, தைத்துவைத்த கல்யாணச் சட்டையில் கறை பட்டு, அதை மறைக்க ரெபேக்கா அந்த இடத்தில் ஒரு பூ தைத்துவிட்டாராம். வாங்கிப்போனவர்கள் மறுவாரம் வந்து, எல்லாச் சட்டைக்கும் அந்தப் பூ வேண்டும் என்று கேட்டார்களாம்.

கொக்கிகளின் உயரத்தைக்கூட விடாமல் அளந்தோம். முடிந்ததும் அவர் நாடாவைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"கீழ உள்ளதயும் இத மாதிரியே வரஞ்சியா?"

"ஓம். ஒரு தாளிலயே கீழ தவறணையும் மேல அறையும் வரும்."

"ரெண்டயும் ஒண்ணாத்தான் பாக்கணும்" என்றார். "அவளுக்குக் கீழ உள்ள கட்டடம் ரொம்பப் பிடிக்கும். கோடைல மத்தியானம் பிள்ளைகளக் கூட்டிட்டுக் கீழ எறங்கி அந்தக் குளிந்த கல்லுல உக்காந்துதான் கைத்தையல் போடுவா. சாராயக்கடன்னு தெரியும். எங்க அப்பாட்ட சொல்லாண்டாம்னு சிரிப்பா."

மத்தியானம் அண்ணாச்சி கடையிலிருந்து கருப்பட்டிக் காபி வந்தது. மூன்று பேரும் தவறணையின் கல் தரையில் உட்கார்ந்து குடித்தோம். தரைத் துவாரத்திலிருந்து வந்த காற்று என் கணுக்காலைத் தொட்டது. பட்டாளத்துக்காரர்கள் பாக்கியசாலிகள் என்று மறுபடியும் நினைத்தேன். நான் மீதி நாளை எஸ்தர் வீட்டு மேசையில் வரைவதில் கழித்தேன். திராட்சைக் கொடியின் ஒவ்வோர் இலையையும் வரைய நேரம் எடுத்தது. காரையில் அதைச் செய்த கை, நடுக்கொடியை மட்டும் வளைவின் உச்சியில் ஒரு விரல் அகலம் தாண்ட விட்டிருந்தது. சட்டத்துக்குள் அடங்காமல் வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு தளிர். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செய்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

நான் புறப்படும் நாள் காலையில் வரைபடத்தைக் கொடுக்கப் போனபோது தெரு முழுக்கத் தண்ணீர். மேலே தொட்டியைத் திறந்துவிட்டிருந்தார்கள். துணிக்கடைக்காரர் முகப்பில் நின்று முனகிக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்கள் கயிறு கட்டிக் காலித் தொட்டியை இறக்க, ஜெபராஜ் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடி விளிம்பில் நின்றார். தையல் மிஷினும் பெஞ்சும் கீழே கூடத்துக்கு வந்துவிட்டன. கதவு நிலையைக் கழற்றியிருந்தார்கள். ஆட்களில் ஒருவர் சுவரில் ஓங்கிச் சம்மட்டியை வீசப் போனார். அண்ணை கையைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, பைய. உளி வச்சு ஒவ்வொண்ணாத் தட்டு. கீழ உள்ள சட்டத்துக்கு அதிராம எடுக்கணும்."

அவரே உளியை வாங்கி முதல் கல்லைத் தளர்த்தினார். கையால் அசைத்து உருவி, கூடையில் வைத்தார். தலையெல்லாம் வெள்ளையாகத் தூசி. எஸ்தர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த தாளை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை விரிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

கூடை கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. டீக்கடை வாசலில் காபியோடு நின்ற ஆட்களில் ஒருவர் அண்ணாச்சியிடம் ஏதோ கேட்டார். அண்ணாச்சி தெருவின் நடுவே வந்து மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன வே ஜெபராசு, கடைசில இடிச்சிட்டீரா?"

அண்ணை விளிம்புக்கு வந்தார். முகத்துத் தூசியைத் தோள் துண்டால் துடைத்தார்.

"இடிக்கல வே" என்றார். "எறக்கி வைக்கேன்."